பரிசும் யோக்கியதையும்



2021ஆம் வருஷத்துப் படங்களுக்கு 2023 ஆகஸ்டில் தேசிய விருதுகள் அறிவித்தார்கள். "கடைசி விவசாயி" சிறந்த தமிழ்ப்படமாயிற்று. தகுதியானதே, நாம் மறுக்கவில்லை. "ஜெய் பீம்" படத்திற்கோ ஒன்றுமில்லை.

அக்கதைக்கு மூலம் எது? நம் விருத்தாசலத்திற்குப் பக்கத்தில், 1993ல், கம்மாபுரம் போலீசார் காவலில் ராசாக்கண்ணு என்பவர் அடிபட்டு மாண்டதல்லவா? நியாயம் கேட்டு அவர் மனைவி ஹைக்கோர்ட்டு வரை போகவேண்டியிருந்தது. படத்தில் வரும்வரை நம்மில் எத்தனை பேர் அதைப் பற்றிக் கவலைப்பட்டோம்?

சர்க்கார் பரிசு கோயில் பரிவட்டம் மாதிரி. கட்டாததால் எவன் யோக்கியதையும் குறையாது. படம் பார்த்த பின், குறவர், இருளர் குடிசைக்கு நாம் போனோமா என்பதே அளவுகோல். அதில் தேறாதது படமா, நாமா?