மலையில் பொறித்த பெயர்களும் மனையில் சொல்லும் பெயர்களும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

வந்தவாசி, செஞ்சி, ஆரணி வட்டாரச் சிற்றூர்களை விட்டு நம்மவர் நகரங்களுக்குச் சென்றனர். நகரங்களிலிருந்து அவர்தம் மக்கள் கடல் கடந்தனர். பேரப்பிள்ளைகள் அங்கேயே பிறக்கின்றனர். தமிழைக் கேட்டால் புரிந்துகொள்வர், படிக்க அறியார். அங்குள்ள சமணக் கோயில்களில் உடன் வழிபடுவோருள் பெரும்பாலோர் குஜராத்தி பேசுவோர். ஆகவே, சமணம் வடநாட்டாருக்கே உரியது என்னும் எண்ணம் குழந்தையின் உள்ளத்தில் எளிதில் பதிந்துவிடுகின்றது. சென்ற விடுமுறையில் அமெரிக்காவிலிருந்து வந்த என் பேத்தி, “நாம் எப்போது தமிழ் பேசத் தொடங்கினோம், பாட்டி?” என்று வினவினாள்.

அவ்வினாவிற்கு வீட்டில் அமர்ந்து விடை கூற நான் விரும்பவில்லை. மதுரைக்கு அழைத்துச் சென்றேன். மதுரை இன்று தமிழ்ச் சமணர் மிகுதியாக வாழும் ஊர் அன்று. ஆயினும் நம் முன்னோர் தமிழில் எழுதிவைத்த மிகப் பழைய சான்றுகள் அந்நகரைச் சூழ்ந்த மலைகளில்தான் உள்ளன. மாங்குளத்துக் குன்றில் கணிநந்தன் என்னும் துறவிக்காக, நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி பள்ளி அமைத்த செய்தி தமிழ்ப் பிராமி எழுத்தில் உள்ளது. அது ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. அழகர்மலைக் குகையில் கொடையளித்தோராக உப்பு வணிகரும் அறுவை வணிகரும் பொற்கொல்லரும் பெயர் பொறித்துள்ளனர். அறத்தை ஆதரித்தோர் அரசர் மட்டுமல்லர். அங்காடித் தெருவினரும் ஆவர்.

பின்னர்க் கீழக்குயில்குடிச் சமணமலையில் ஏறினோம். பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகச் செதுக்கிய திருமேனிகளின் கீழ் வட்டெழுத்துகள் உள்ளன. அவற்றுள் ஒன்றைச் செய்வித்தவர் அச்சணந்தியின் தாயார் குணமதியார். “துறவிக்கும் அம்மா பெயரை எழுதுவார்களா?” என்று வியந்தாள் குழந்தை. வீட்டைத் துறந்தவரின் தாயும் தம் பெயரால் இன்றுவரை அறியப்படுகின்றார். உடனே அவள், “உங்கள் பாட்டியின் பெயர் என்ன?” என்று கேட்டாள். சொன்னேன். ஆங்கில எழுத்தில் குறித்துக்கொண்டவள், தமிழில் எழுதித் தரச் சொல்லி, அதன் கீழே தானும் பார்த்து எழுதினாள்.

அன்பர்களே, ஏடு இருந்தால் மட்டும் போதாது. அதன் பொருளறிந்த இல்லமும் வேண்டும். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். சுவடிகள் கிடைத்தும் அதன் சமயக் கருத்துகள் விளங்காதபோது, கும்பகோணத்துச் சமணர் இல்லத்தை நாடியே அவர் ஐயம் தீர்த்துக்கொண்டார். தலைமுறை தலைமுறையாகக் கேட்டும் சொல்லியும் வந்தோர் அங்கு இருந்தனர். அவர்கள் இல்லையெனில் அக்காப்பியத்தின் பொருள் அவருக்கு அத்துணை எளிதில் விளங்கியிராது.

நம் பேரப்பிள்ளைகளுக்கு அத்தகைய இல்லம் நாம்தாம். அவர்களுடைய பெற்றோருக்குப் பொழுதில்லை; சிலருக்குச் சொல்லத் தெரிந்ததும் குறைவு. நமக்கோ ஆண்டுகள் குறைவு. எனவே, தொலைபேசியில் நலம் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். வாரந்தோறும் ஒரு செய்தி சொல்லுங்கள்: நம் சொந்த ஊரின் பெயர், அவ்வூர் ஜினாலயத்தின் மூலவர், இருட்டும் முன் உண்பதன் காரணம், கொள்ளுப்பாட்டி சொன்ன கதை. அவர்கள் ஆங்கிலத்தில் கேட்டாலும் நாம் தமிழில், நிதானமாக, விடையளிப்போம். ஊருக்கு வரும்போது ஒரு நாளேனும் மலைக்கு அழைத்துச் செல்வோம்.

கல்லில் பொறித்த பெயர்களைக் காக்கத் தொல்லியல் துறை உண்டு. மனையில் வழங்கும் பெயர்களைக் காக்க நம்மையன்றி வேறு எவரும் இலர். இன்று இல்லம் திரும்பியதும் ஒரு குறிப்பேட்டை எடுத்து, உங்கள் பாட்டன் பாட்டியரின் பெயர்களை முதற்பக்கத்தில் எழுதுங்கள்.

அறம் வளர்க.