கமத்தின் அளவும் கிணற்றின் பங்கும்

என் ஆசிரியர்கள் சிலர் முன்வரிசையில் இருக்க, தலைமையுரை ஆற்றும் பணி எனக்கு வந்திருக்கிறது. பெருமையோடு சற்றுப் பயமும் உண்டு.

கமத்தின் அளவுக்கும் விவசாய மாசுக்கும் உள்ள தொடர்பே நம் பொருள். பெருங்கமங்களைப் பற்றி நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. 1999இல் புளொயிட் சூறாவளியின்போது வட கரோலைனாவின் பன்றிப் பண்ணைக் கழிவுக் குளங்கள் வெள்ளத்தில் மூழ்கியதை எல்லோரும் அறிவீர்கள். விலங்குகளை ஓரிடத்தில் ஆயிரக்கணக்கில் அடைத்தால், அவற்றின் எருவை ஏற்க அயலில் நிலம் போதாது. இதில் நமக்குள் பிணக்கில்லை. ஆனால், அதனால் சிறு கமம் தூய்மையானது என்று முடிவு கட்டும்போது நான் உடன்பட மறுக்கிறேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தைப் பாருங்கள். அங்கே நில அளவு பரப்பு; பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். நான்கு பரப்புச் செம்மண் தோட்டத்தில் வெங்காயம், மிளகாய், புகையிலை என்று மாறிமாறிப் பயிர் நிற்கும். 1970களில் மிளகாய், வெங்காய இறக்குமதி தடுக்கப்பட்டபோது அந்தத் துண்டு நிலங்கள்தாம் நாட்டுக்கு விளைவித்துக் கொடுத்தன. உரப்பையும் நீரிறைக்கும் இயந்திரமும் அந்த விளைச்சலுக்குத் துணைநின்றன. மண்ணின் கீழே சுண்ணக்கல். யூரியாவிலிருந்து உண்டாகும் நைத்திரேற்று மண்ணில் ஒட்டாது. இறைத்த நீரோடு கீழிறங்கும். அதே கிணற்றிலிருந்து அதே நீரை மறுபடி இறைக்கிறோம்.

1988இல் நாகராஜாவும் உடன் ஆய்வாளர்களும் ‘ட்ரொப்பிக்கல் அக்ரிகல்ச்சரிஸ்ட்’ இதழில் யாழ்ப்பாண, கிளிநொச்சிக் கிணறுகளின் நைத்திரேற்று மாசைப் பற்றி எழுதினார்கள். குடிநீரில் இலீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்ற உலக சுகாதார நிறுவன வரம்பை வைத்து இன்னும் அளந்துகொண்டிருக்கிறோம். மலகூடக் குழிகளே முழுக்காரணம் என்று வாதிடும் நண்பர்களை மதிக்கிறேன். நெருக்கமான குடியிருப்புகளில் அவர்கள் சொல்வது சரி. வீடுகளுக்கு எட்டத்தில், தோட்ட நடுவே நிற்கும் கிணற்றுக்கு அந்த விடை போதாது.

என் வாதத்துக்கு நாம் தொடாத ஒரு மூலம் இருக்கிறது: காணி உறுதி. தோட்டக்காணி உறுதியில் பரப்பு, குழி என்ற நில அளவுகள் மட்டுமா எழுதப்படுகின்றன? கிணற்றில் எத்தனை பங்கு, எவ்வழியாக வாய்க்கால் என்பதும் எழுதப்படுகின்றன. காணி பிள்ளைகளுக்குப் பிரியும்போது கிணறு பிரிவதில்லை, பங்குதான் சிறுக்கிறது. பங்காளிகள் முறைவைத்து இறைக்கிறார்கள். தன் முறை திரும்பப் பல நாள் செல்லும் என்பதால், முறை வந்த அன்று பயிருக்கு வேண்டியதிலும் கூடவே ஒருவர் பாய்ச்சுவார். நேற்று இட்ட உரம் அந்த நீரோடு போகும். தன் துண்டுக்குத் தான் இட்டது கொஞ்சமே என்று ஒவ்வொருவரும் சொல்வது உண்மைதான். அத்தனை கொஞ்சமும் சேர்வது ஒரே கிணற்றில்.

இந்தக் கமக்காரரைக் குற்றஞ்சாட்டுவது என் நோக்கமன்று. 2021இல் இலங்கையில் இரசாயன உர இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்தியவர்கள் அவர்களை என்ன பாடு படுத்தினார்கள் என்பதை மறக்க முடியாது. சில மாதங்களில் அந்தத் தடை விலக்கப்பட்டது. இழந்த போகம் திரும்பவில்லை. பூவரசங்குழையும் பனையோலையும் பசளையாக மண்ணில் தாழ்த்திய பழைய வழக்கத்தை மீட்கச் சொல்பவர்கள், அதற்கான கூலியை யார் கொடுப்பார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1991ஆம் ஆண்டு நைத்திரேற்றுப் பணிப்புரை, மாசுக்கு உள்ளாகக்கூடிய வலயங்களில் எருவழி நைதரசனுக்கு ஆண்டுக்கு ஹெக்டேயருக்கு 170 கிலோ என்ற எல்லையை வகுத்தது. பண்ணை பெரிதா சிறிதா என்று அது பார்ப்பதில்லை. நமக்கு ஹெக்டேயரிலும் பொருத்தமான அலகு கிணறு. பிற்பகல் அமர்வுக்கு வந்துள்ள கட்டுரைகளின் அட்டவணைகள் கமங்களைப் பரப்பளவால் வகுத்திருக்கின்றன. கட்டுரையாளர்களிடம் நான் கேட்கப்போவது இதுதான்: நீர் மாதிரி எடுத்த ஒவ்வொரு கிணற்றுக்கும் பங்காளிகள் எத்தனை பேர், அவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு போகத்துக்கு இட்ட யூரியா எவ்வளவு?