கல்லிழந்த ஆரம்

பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நம் வீடுகளில், அன்னையோ பாட்டியோ தந்த நகை ஒன்றேனும் இருக்கும். அதனை நினைவிற்கொண்டு, இன்று பாரிஸ் மாநகரத்துப் பழைய நகை மாளிகை ஒன்றினை மனக்கண்ணால் காண்போம்.

வாந்தோம் சதுக்கத்திலிருந்து ஆப்பரா அரங்கை நோக்கிச் செல்லும் வீதிக்கு 'ரூ த லா பே' என்று பெயர். அமைதி வீதி என்பது அதன் பொருள். அங்கே 13-ஆம் எண்ணுள்ள, கருஞ்சலவைக்கல் முகப்புடைய மாளிகையே கார்த்தியே நிறுவனத்தாரின் இல்லம். 1847-இல் தோன்றிய அந்நிறுவனம் 1899-இல் இங்குக் குடிபுகுந்தது. நிறுவியவரின் பேரர் மூவருள் ஒருவரான ஜாக் கார்த்தியே, 1911-இல் தில்லி தர்பாரை ஒட்டி நம் நாட்டிற்கு வந்து, சமஸ்தான மன்னர்களோடு பழகினார்.

அத்தொடர்பின் பெரும்பயன் பாட்டியாலா ஆரமாகும். மன்னர் பூபீந்தர் சிங் தம் கருவூலத்துக் கற்களை அனுப்ப, 1928-இல் ஆரம் நிறைவெய்தியது. பிளாட்டினத்தில் ஐந்து சரங்கள், 2,930 வைரங்கள், நடுவே 234.65 காரட் எடையுள்ள 'டி பீர்ஸ்' என்னும் மஞ்சள் வைரம்!

நாடு விடுதலையுற்ற சில காலத்திற்குள் அவ்வாரம் மறைந்தது. 1982-இல் அப்பெருவைரம் மட்டும் ஜெனீவா நகரத்து ஏலத்தில் தலைகாட்டிற்று. 1998-இல் லண்டனில் ஆரத்தின் எஞ்சிய பகுதி கிடைத்தது. பெரிய கற்கள் யாவும் பெயர்த்தெடுக்கப்பட்டிருந்தன.

கல்லிழந்த அக்கூட்டினை கார்த்தியே நிறுவனத்தார் வாங்கினர்; மாற்றுக் கற்களைப் பதித்துச் செப்பனிட்டனர். தாம் செய்து விற்ற பழைய அணிகளைத் தேடி வாங்கிக் காப்பதற்கென, 1983-இலேயே மரபுத் தொகுப்பு ஒன்றினை அவர்கள் முறையாக அமைத்திருந்தனர். இன்று அதில் உள்ளவை 3,000-க்கும் மேற்பட்டவை. அருங்காட்சியகங்கள் பலவற்றில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.

வைரமற்ற ஆரத்திற்கு விலை கொடுப்பானேன்? கல்லை விற்கலாம், மாற்றலாம். கைத்திறன் ஒருமுறை அழிந்தால் மீளாது என்பதனை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

நாமோ, பாட்டியின் அட்டிகையை எடைபோட்டு, சேதாரம் கழித்து, அழித்துப் புதிது செய்கின்றோம். தேவை நேரும்போது அதனைத் தவறென்று சொல்வதற்கில்லை. ஆயினும் உருக்குமுன் அதனை ஒரு நிழற்படம் எடுத்து, அணிந்தவர் பெயரையும் ஊரையும் அதன் பின்புறத்தில் எழுதி வைப்போமாக. பொன் கைமாறினும், அதன் வரலாறு நம் மக்களுக்கு எஞ்சும்.