காலவெல்லை கடந்த வழக்குகள்

துப்பறியும் நாடகத்தைக் காண அமர்பவர் எவரும், முடிவிலே குற்றவாளி அகப்படுவான் என்னும் நம்பிக்கையுடனேயே அமர்கின்றனர். உண்மை வழக்குகள் அவ்வளவு இரக்கம் உடையன அல்ல. தென் கொரியாவில் கொலைக்குங்கூட ஒரு காலவெல்லை இருந்தது. குற்றம் நிகழ்ந்து 15 ஆண்டுகள் கழிந்தால், கொலைஞன் தானே வந்து ஒப்புக்கொண்டாலும் வழக்குத் தொடர முடியாது. 2007ஆம் ஆண்டில் அவ்வெல்லை 25 ஆண்டுகளாக நீட்டப்பட்டது. 2015இல் கொலைக்கு அது நீக்கப்பட்டது. ஏற்கெனவே காலங்கடந்த வழக்குகளோ கடந்தவையாகவே நின்றன.

அடுத்த ஆண்டு, 2016 ஜனவரி முதல் மார்ச் வரை, 'சிக்னல்' என்னும் நாடகம் அந்நாட்டுத் தொலைக்காட்சியில் 16 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. எழுதியவர் கிம் உன்ஹீ. மின்கலமே இல்லாத பழைய வோக்கி டோக்கி ஒன்று இரவு 11.23க்கு உயிர்பெறுகின்றது, 2015ஆம் ஆண்டின் இளம் அதிகாரியோடு, முற்காலத்துத் துப்பறிவாளர் ஒருவர் அதன் வழியே பேசுகின்றார். அறிவுக்கு ஒவ்வாத உத்திதான். ஆயினும், அதை மன்னிக்கச் செய்வது நாடகத்தின் துயரம். அப்படிப் பேசுகின்றவரே 15 ஆண்டுகளாகக் காணாமற் போனவர். அவரிடம் முன்னாளில் தொழில் பழகிய பெண் அதிகாரி, அடையாளந் தெரியாத எலும்புக்கூடு கிடைத்ததென்று கேள்விப்படும்போதெல்லாம் அவராக இருக்குமோ என்று பார்க்கச் செல்கின்றாள்.

முதல் வழக்கு பள்ளிச் சிறுமி ஒருத்தியைப் பற்றியது. அவளை அழைத்துச் சென்றது ஒரு பெண் என்பதை உடன் படித்த சிறுவன் கண்டிருந்தான். பொலிஸாரோ ஓர் ஆடவனைத் தேடிக்கொண்டிருந்தனர். சிறுவன் சொல்லுக்குச் செவிசாய்ப்பார் இல்லை. குற்றவாளியின் சாமர்த்தியத்தினும் பொலிஸ் நிலையத்தின் அலட்சியமே வழக்கைக் கெடுக்கின்றது என்பதுதான் இந்நாடகத்தின் துணிந்த கூற்று.

அது மிகையென்று சிலர் கருதியிருக்கலாம். நாடகத்தின் மற்றொரு வழக்குக்கு மூலமானது, 1986 முதல் 1991 வரை ஹுவாசொங் பகுதியில் நிகழ்ந்த பெண் கொலைகள். 2019இல் மரபணுச் சோதனை, வேறொரு கொலைக்காக முன்னரே சிறையிலிருந்த ஒருவனைச் சுட்டிக்காட்டிற்று. அவன் 14 கொலைகளை ஒப்புக்கொண்டான். காலவெல்லை கடந்தமையால் அவற்றுக்குத் தண்டனை இல்லை. அவற்றுள் ஒன்றுக்காக ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறையிருந்த நிரபராதி, 2020இல் குற்றமற்றவரெனத் தீர்ப்புப் பெற்றார்.

அந்த ஒப்புதலிலே யாரும் எதிர்பாராத ஒரு பெயரும் இருந்தது. 1989இல் பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் மறைந்த சிறுமி அவள். வீட்டைவிட்டு ஓடியவள் என்றே பொலிஸ் ஏட்டில் எழுதப்பட்டிருந்தாள். அவளுடைய பொருள்கள் அவ்வாண்டே கிடைத்திருந்தன; பெற்றோருக்கு அறிவிக்கப்படவில்லை. அக்காலத்து அதிகாரிகள் அவளுடைய உடலையே மறைத்தனர் என்று 2020இல் பொலிஸ் விசாரணை முடிவு கூறிற்று. அவர்களையும் காலவெல்லை காத்தது.

நாடகத்திலே கடந்த காலத்தின் குரல் நல்ல பொலிஸ்காரர் ஒருவருடையது. ஹுவாசொங்கிலோ, 30 ஆண்டுகளின் பின் உண்மையைச் சொன்ன குரல் கொலைஞனுடையது. 2022இல் நீதிமன்றம், அச்சிறுமியின் குடும்பத்துக்கு அரசு நட்டஈடு வழங்கவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. தாயும் தந்தையும் அதற்கு முன்னரே இறந்துபோயினர்.