வெளியீட்டைத் தடுக்கும் அதிகாரம் யாரிடம்?

(கோலார் தங்கவயலில் தோழர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



2001 பிப்ரவரி 28 அன்று இங்கே பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் பாறையைக் குடைந்தவர்களுக்கு அந்த முடிவில் ஒரு வாக்குகூட இல்லை. மென்பொருளைப் பற்றிப் பேச வந்தவன் சுரங்கத்தில் தொடங்குவானேன் என்று கேட்பீர்கள். விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குச் செல்லும் நம் பிள்ளைகளின் தொழிலிலும் கேள்வி அதுதான்: உழைப்பின் விளைபொருள் குறித்து முடிவெடுப்பவர் யார்?

கட்டற்ற மென்பொருளின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். உரிமம் தரும் உரிமை அது. ஆனால் ஒரு திட்டத்தின் பெயரில் எந்தப் பதிப்பு வெளிவர வேண்டும் என்பதை உரிமம் தீர்மானிப்பதில்லை. அதை அமைப்பு விதிகளே தீர்மானிக்கின்றன.

அப்பாச்சி அறக்கட்டளையின் விதிகள் கவனத்துக்குரியவை. நிரலில் செய்யப்படும் மாற்றத்தை, வாக்குரிமை பெற்ற ஒரே ஒருவர்கூட வீட்டோ செய்யலாம். ஆனால் தொழில்நுட்பக் காரணத்தை அவர் கூறியாக வேண்டும். காரணமற்ற வீட்டோ செல்லாது. (நம் கிளைக் கூட்டங்களிலும் இவ்விதி இருந்தால் பல இரவுகள் முன்னதாகவே வீடு திரும்பியிருப்போம்.) வெளியீட்டுக்கோ வீட்டோவே கிடையாது. திட்டக்குழு உறுப்பினர் மூவரேனும் ஆதரிக்க வேண்டும். ஆதரவு எதிர்ப்பைவிட மிகுந்திருக்க வேண்டும். வாக்கெடுப்பு பொதுவாக 72 மணி நேரமாவது திறந்திருக்கும். உலகின் மறுபுறம் உறங்குபவரும் விழித்து வாக்களிக்க வேண்டுமல்லவா?

இவ்வேறுபாடு தற்செயலானதன்று. தவறான மாற்றம் உள்ளே நுழையாமல் காக்க ஒருவரின் எச்சரிக்கை போதும். பலரது உழைப்பு மக்களைச் சென்றடைவதைத் தடுக்க ஒருவரின் பிடிவாதம் போதுமானதாக இருக்கக்கூடாது. டெபியன் திட்டத்திலும் தலைவர் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படுகிறார்; அவரது முடிவை நிரலர்களின் பொதுத் தீர்மானம் மாற்றலாம்.

எனினும் விதிகள் மட்டும் போதா. பெயரும் வணிகக்குறியும் ஒரு நிறுவனத்தின் கையில் இருந்தால் என்ன நேரும்? ஓப்பன் ஆபிஸ் அதற்குச் சான்று. சன் நிறுவனத்தை 2010 ஜனவரியில் ஆரக்கிள் விழுங்கியது. தன்னார்வலர்கள் அஞ்சினர். அவ்வாண்டு செப்டம்பர் 28 அன்று ஆவண அறக்கட்டளையை நிறுவி, அதே மூலநிரலிலிருந்து லிப்ரே ஆபிஸைக் கிளை பிரித்தனர். ஆரக்கிளையும் சேர அழைத்தனர். ஆரக்கிளோ, புதிய அமைப்பில் இணைந்தவர்கள் பழைய சமூகக் குழுவிலிருந்து விலக வேண்டும் என்றது. அவர்கள் விலகினர், மூலநிரல் அவர்களுடன் சென்றது.

வேலைநிறுத்தத்தைவிடக் கூர்மையான ஆயுதம் இது என்று சில இளந்தோழர்கள் கூறுகின்றனர். நான் முழுமையாக உடன்படவில்லை. சாம்பியன் ரீஃபை நகலெடுத்து வேறிடத்தில் தோண்ட முடியாது. இங்கு வேலைநிறுத்தமே ஆயுதமாயிருந்தது. நிரலிலும், நகலெடுப்பது எளிது; நாள்தோறும் பழுது நீக்க ஆட்கள் வேண்டும், அவர்களுக்கு ஊதியம் வேண்டும். அந்த ஊதியத்தை இன்று பெரும்பாலும் தருபவை பெருநிறுவனங்களே. வாக்களிப்பவர் தனிமனிதராகவே வாக்களிக்கிறார் என்று அப்பாச்சி விதி கூறலாம். அவரது சம்பளச் சீட்டில் வேறொரு பெயர் இருக்கிறது.

2011இல் ஆரக்கிள் ஓப்பன் ஆபிஸை அப்பாச்சியிடமே ஒப்படைத்தது. பெயர் வந்தது, சிறந்த வாக்கெடுப்பு விதிகளும் வந்தன. ஆனால் நிரலர்களில் பெரும்பாலோர் அதற்குள் லிப்ரே ஆபிஸில் வேலை செய்துகொண்டிருந்தனர்.