எம்340ஐ: மழையில ஆல் வீல் டிரைவ் எதுக்கு உதவும், எதுக்கு உதவாது

கொஞ்ச நாளா இன்பாக்ஸ்ல ஒரே கேள்வி வேற வேற வார்த்தையில வந்துட்டே இருக்கு. "ப்ரோ, செகண்ட் ஹேண்ட்ல ஒரு பிஎம்டபிள்யூ எம்340ஐ பார்த்து வச்சிருக்கேன். ஆல் வீல் டிரைவ்தானே, மழையில பயமில்லாம ஓட்டலாம்ல?" இதுல முதல் பாதிக்கு என்கிட்ட சந்தோஷமான பதில் இருக்கு. ரெண்டாவது பாதிக்குத்தான் இந்த எபிசோட்.

முதல்ல கார். எம்340ஐ எக்ஸ்டிரைவ் 2021 மார்ச்ல இந்தியாவுக்கு வந்துச்சு. அப்போ எக்ஸ் ஷோரூம் விலை 62.90 லட்சம். ஜெர்மன் கார்னு சொன்னாலும், இங்க விக்கிற வண்டியை அசெம்பிள் பண்றது நம்ம செங்கல்பட்டு பக்கம், மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில இருக்கிற பிளான்ட்ல. ஜிஎஸ்டி ரோட்ல பரனூர் டோல் பக்கம் டிராஃபிக்ல நின்னிருக்கீங்கன்னா, இது பிறக்கிற இடத்துக்குப் பக்கத்துலதான் நின்னிருக்கீங்க.

வெளியில பார்த்தா சாதாரண 3 சீரிஸ். அதுதான் எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம். சிக்னல்ல யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. ஆனா பானெட்டுக்குள்ள 3 லிட்டர், ஒரே வரிசையில 6 சிலிண்டர், டர்போ. 387 எச்பி, 500 நியூட்டன் மீட்டர் டார்க். 0-ல இருந்து 100 போக 4.4 செகண்ட்னு கம்பெனி சொல்லுது. 2022 கடைசியில வந்த ஃபேஸ்லிஃப்ட்ல பவர் 374 ஆச்சு, டார்க் அதே 500. ஓட்டும்போது அந்த 13 எச்பி வித்தியாசத்தைக் கண்டுபிடிச்சேன்னு யாராவது சொன்னா நான் நம்ப மாட்டேன். டொயோட்டா சுப்ராவுல இருக்கிறதும் இதே குடும்பத்து இன்ஜின்தான், பி58.

டர்போன்னா பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் வர்றது லேக். ஆக்ஸிலரேட்டரை மிதிச்சு, ஒரு மூச்சு காத்திருந்து, அப்புறம் முதுகுல ஒரு குத்து. இதுல அது கிட்டத்தட்ட இல்லை. 6 சிலிண்டரை மூணு மூணா பிரிச்சு, அதோட புகையை ரெண்டு தனி வழியில டர்போவுக்கு அனுப்புறாங்க. ஒரு சிலிண்டர் விடுற புகை இன்னொண்ணோட புகை மேல மோதி வேகம் குறையாது. அதனால டர்போ சீக்கிரமே சுத்த ஆரம்பிச்சிடும். 2000 ஆர்பிஎம் வர்றதுக்கு முன்னாடியே முழு 500 வந்துடுது, 5000 வரைக்கும் அப்படியே நிக்குது. ஊருக்குள்ள கால் கட்டைவிரலை லேசா வச்சாலே போதும்.

இந்த 500 தான் ஆல் வீல் டிரைவ் இங்க தேவைப்படுறதுக்குக் காரணம். ஐரோப்பாவுல செடான்கள்ல இது பரவினதுக்குப் பெரிய காரணம் பனி. ஆடி 1980-ல குவாட்ரோவைக் கொண்டு வந்தாங்க. பிஎம்டபிள்யூ 1985-ல 3 சீரிஸ்லயே 325ஐஎக்ஸ்னு ஒண்ணு விட்டாங்க. அதுல முன்னாடி 37, பின்னாடி 63 சதவீதம்னு நிரந்தரமா பிரிச்ச சிஸ்டம். ஆல்ப்ஸ் மலைக் கிராமத்துல காலையில வீட்டை விட்டுக் கிளம்பணும்னா அது அத்தியாவசியம். சென்னையில நமக்குப் பனியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆனா ஈர ரோட்ல 500 நியூட்டன் மீட்டரை ரெண்டே டயர் மேல கொட்டினா, அது ரோட்டுக்குப் போறதை விட டயரை வீணா சுத்தறதுக்குத்தான் அதிகம் போகும். கார் எடையில ஏறக்குறைய பாதிதான் பின் சக்கரத்து மேல உக்காந்திருக்கு. மிதிக்கும்போது எடை இன்னும் கொஞ்சம் பின்னாடி சாயும், அவ்வளவுதான். நாலு சக்கரமும் தள்ளினா முழு எடையோட பிடிமானமும் வேலைக்கு வருது.

எம்340ஐ-ல இதை எப்படிப் பண்றாங்கன்னா, கியர்பாக்ஸ்ல இருந்து ஒரு ஷாஃப்ட் நேரா பின்னாடி போகுது, அந்த இணைப்பு எப்பவும் இருக்கும். முன் சக்கரத்துக்குப் போற வழியில ஒரு கிளட்ச் பேக். அதைக் கம்ப்யூட்டர் எவ்வளவு இறுக்குதோ அவ்வளவு டார்க் முன்னாடி போகும். அதனாலதான் இது ஆல் வீல் டிரைவா இருந்தாலும் ஓட்டும்போது பின் சக்கரக் கார் மாதிரியே இருக்கு.

இது எப்படி இருக்கும்னு சொல்லணும்னா ஏலகிரி போகணும். ஒரு அக்டோபர் மாசம், நண்பரோட எம்340ஐ, நான் ஓட்டினேன். அவர் பக்கத்துல, அவங்க அம்மா பின் சீட்ல. சென்னையில இருந்து வேலூர், ஆம்பூர் தாண்டி வாணியம்பாடி வரைக்கும் ஹைவே. ஆம்பூர்ல நிறுத்தினோம், ஏன்னு உங்களுக்கே தெரியும். பின் சீட் நடுவுல பெரிய மேடு ஒண்ணு இருக்கு, அந்த ஷாஃப்ட் போற வழி. "இவ்வளவு காசு குடுத்து வாங்கிட்டு நடுவுல ஒரு ஆள் கால் வைக்க இடமில்லையே தம்பி"ன்னு அம்மா ஆரம்பத்துலயே ரிவ்யூவை முடிச்சிட்டாங்க.

மலை அடிவாரத்துல மழை பிடிச்சுக்கிச்சு. ஏலகிரியில 14 ஹேர்பின் வளைவு. ஒவ்வொண்ணுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பேரு வச்சிருக்காங்க. வளைவுக்குள்ள மெதுவா நுழையணும், ஸ்டீயரிங்கைத் திருப்பணும், ரோடு நேரா தெரியறப்போ மெதுவா மிதிக்கணும். மிதிச்ச அந்த நொடியில முதல்ல பின்பக்கம் லேசா வெளிய நகருற மாதிரி ஒரு உணர்வு. பயமுறுத்துற மாதிரி இல்லை, கார் வளைய உதவி பண்ற மாதிரி. அடுத்த கணம் முன் சக்கரம் பிடிச்சு இழுக்குது, கார் நேராகி மேல பாயுது. பின் டிஃபரன்ஷியலும் எலக்ட்ரானிக்கா கட்டுப்படுத்துறது. உள்பக்க டயர் ஈரத்துல வீணா சுத்தாம, வெளிப்பக்க டயருக்கு வேலையைக் கொடுக்குது. இன்ஜின் சத்தத்துல கொஞ்சம் ஸ்பீக்கர்ல இருந்து கலந்து விடுறாங்கன்னு தெரிஞ்சும் நான் சிரிச்சுட்டுதான் இருந்தேன்.

டாஷ்போர்டுல டிராக்‌ஷன் லைட் ஒரு தடவைகூட மினுக்கலை. இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

மறுநாள் இறங்கும்போதும் மழை. அதே ரோடு, அதே கார், அதே டயர். ஆனா நேத்து மலையைத் தூக்கிட்டுப் போன மாதிரி இருந்த வண்டி இப்போ ஏறக்குறைய 1700 கிலோ, அதோட மூணு பேரு, லக்கேஜ், எல்லாம் பள்ளத்தைப் பார்த்து உருளுற ஒரு எடை. இறங்கும்போது ஆக்ஸிலரேட்டர்ல கால் வைக்கவே வேலையில்லை. ஆல் வீல் டிரைவ் இன்ஜினோட சக்தியைப் பங்கு போடுற சிஸ்டம். பங்கு போட சக்தியே இல்லாதப்போ அது என்ன பண்ணும்? நிறுத்துறது பிரேக், பிடிக்கிறது டயர். உங்க அப்பாவோட பழைய ஆல்டோவுலயும் பிரேக் நாலு சக்கரத்துலயும்தான் இருக்கு. நிக்கிற விஷயத்துல எல்லாக் காருமே ஃபோர் வீல்தான்.

எங்களுக்கு முன்னாடி ஒரு சின்ன ஹேட்ச்பேக் ரெண்டாவது கியர்ல பொறுமையா இறங்கிட்டு இருந்தாங்க. நானும் கியரைக் குறைச்சு, அவங்க பின்னாடியே, அவங்க வேகத்துலயே இறங்கினேன். ஒரு வளைவுல கீழ இருந்து அரசு பஸ் ஒண்ணு முழு ரோட்டையும் எடுத்துக்கிட்டு ஏறி வந்துச்சு. ஏறுற வண்டிக்குத்தான் வழி. ரெண்டு பேரும் நின்னோம். அந்த இடத்துல 387 எச்பிக்கும் அந்த ஹேட்ச்பேக்குக்கும் எந்த வித்தியாசமும் இல்லை.

இப்போ அந்த மினுக்காத லைட்டுக்கு வர்றேன். பின் சக்கரம் மட்டும் தள்ளுற ஒரு பவர்ஃபுல் கார்ல ஈர ரோட்ல மிதிச்சா உடனே டயர் சுத்தும், லைட் மினுக்கும், பின்பக்கம் அசையும். ரோடு உங்ககிட்ட "இன்னைக்கு நான் வழுக்குறேன்"னு பேசுது. நல்ல ஆல் வீல் டிரைவ் அந்தப் பேச்சையே கேட்க விடாது. கார் சுத்தமா, கம்பு மாதிரி நேரா கிளம்புது. உங்க உடம்புக்கு ரோடு காய்ஞ்சிருக்கிற மாதிரி தோணும். அடுத்த வளைவுக்கு, இல்லைன்னா முன்னாடி திடீர்னு நிக்கிற லாரிக்கு, நீங்க வழக்கத்தை விட 20 கிலோமீட்டர் அதிக வேகத்துல வந்து சேர்றீங்க. அப்பதான் முதல் தடவையா பிரேக்கைத் தொடுறீங்க. ரோடு எவ்வளவு வழுக்குதுன்னு அந்த நேரத்துலதான் தெரியவே வருது.

20 தானேன்னு நினைக்காதீங்க. நிக்கிற தூரம் வேகத்தோட வர்க்கத்துல ஏறும். அதே ரோடு, அதே டயர்னு வச்சுக்கிட்டா, 100-க்குப் பதிலா 120-ல பிரேக் போட்டா தூரம் 44 சதவீதம் கூடும். நீங்க பார்த்து, மூளைக்குப் போய், கால் பிரேக்குக்கு வர்ற நேரம் தனி. அதுக்கு ஒரு செகண்ட்னு வச்சாலும் 120-ல 33 மீட்டர் ஓடியிருக்கும்.

தேங்கின தண்ணி இன்னொரு கதை. ஹைவேல மீடியனை ஒட்டி, ஃபாஸ்ட் லேன்ல, மழைத் தண்ணி குளம் மாதிரி நிக்கும் பாருங்க. வேகமா போறப்போ டயர் தன்னோட பள்ளங்கள் வழியா தண்ணியை வெளிய தள்ளணும். தள்ள முடியாத வேகத்துல டயர் தண்ணி மேல மிதக்கும், ஸ்டீயரிங் திடீர்னு லேசாயிடும். மிதக்குற டயரை இன்ஜின் தள்ளினா என்ன, தள்ளாட்டி என்ன. இதுல அகலமான டயருக்கு இன்னும் கஷ்டம், ஏன்னா அது தள்ள வேண்டிய தண்ணி அதிகம். ஸ்போர்ட்ஸ் செடான்கள்ல அகல டயர்தான் வரும். ஸ்டீயரிங் லேசானா பிரேக்கை அடிச்சு மிதிக்காதீங்க, திருப்பாதீங்க. ஆக்ஸிலரேட்டரை மெதுவா விட்டு, ஸ்டீயரிங்கை நேரா பிடிச்சுக்கோங்க, டயர் திரும்பத் தரையைத் தொடும்.

சரி, வாங்கப் போறவங்களுக்கு. கார் எப்படின்னா, நான் ஓட்டினதுல காசுக்கு மேல கொடுக்குற ரொம்பக் கொஞ்சம் கார்கள்ல இது ஒண்ணு. அதுல மாற்றுக் கருத்தே இல்லை. ஆனா செகண்ட் ஹேண்ட்ல போய்ப் பார்க்கும்போது சன்ரூஃபைத் திறந்து மூடிப் பார்க்கிற நேரத்துல, முட்டி போட்டு டயரைப் பாருங்க. பக்கவாட்டுல 4 இலக்க எண் ஒண்ணு இருக்கும். 2321-ன்னா 2021-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். இந்த வண்டிங்க பல நேரம் கம்மியா ஓடியிருக்கும், அதனால டயர் தேயாம பளபளன்னு இருக்கும், ஆனா ரப்பர் வயசாகிக் கெட்டிப்பட்டிருக்கும். ஈரத்துல பிடிக்காது.

நாலு டயரும் ஒரே பிராண்ட், ஒரே மாடல், ஏறக்குறைய ஒரே தேய்மானமான்னும் பாருங்க. முன் பின் அகலம் வேறயா இருக்கலாம், அது கம்பெனி டிசைன். ஆனா முன்னாடி புதுசு, பின்னாடி மொட்டைன்னா டயரோட சுற்றளவு மாறும், ரெண்டு பக்கமும் வேற வேற வேகத்துல சுத்தும். அந்தக் கிளட்ச் பேக் நேர் ரோட்லயும் ஓயாம உரசிட்டே இருக்கும். டெஸ்ட் டிரைவ்ல பார்க்கிங்ல ஸ்டீயரிங்கை முழுசா திருப்பி மெதுவா ஒரு வட்டம் போட்டுப் பாருங்க. இழுத்து இழுத்து, அதிர்ந்து அதிர்ந்து வந்துச்சுன்னா, மெக்கானிக்கைக் காட்டாம அட்வான்ஸ் கொடுக்காதீங்க. விலை பேசும்போது நாலு புது டயருக்கான காசைத் தனியா எடுத்து வச்சிட்டுப் பேசுங்க. இந்த சைஸ்ல அது சின்னத் தொகை இல்லை.

ஏலகிரி அம்மா கேட்ட கால் வைக்கிற இடம் பத்தி நிறைய பேர் கேப்பீங்கன்னு தெரியும். அஞ்சு பேர் போற வீடுன்னா அந்த நடு சீட்ல யாரையாவது உக்கார வச்சு ஒரு அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.