பழுதான இருதய வால்வும் விடாத காய்ச்சலும்



சின்ன வயதில் முட்டி வீங்கிக் காய்ச்சல் கண்டு, பின்னால் "இருதய வால்வு பழுது" என்று டாக்டர் சொன்னவர்கள் நம் வீடுகளில் உண்டு. சிலருக்கு ஆபரேஷன் செய்து செயற்கை வால்வும் வைத்திருப்பார்கள். கணவனோ மனைவியோ இப்படி இருந்தால், இந்தப் பேச்சு உங்களுக்குத்தான்.

வால்வு என்பது இருதயத்தின் கதவு. 4 கதவுகள், ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் தடவை திறந்து மூடுகின்றன. சொத்தைப் பல், ஈறு, புண் வழியாக இரத்தத்தில் கலக்கும் கிருமி, நல்ல கதவில் சுலபமாக ஒட்டாது. பழுதான கதவில் ஒட்டிக்கொண்டு, பாசி மாதிரி படரும். விட்டுவிட்டுக் காய்ச்சல், ராத்திரி வேர்வை, பசியின்மை, உடம்பு இளைப்பு. கர்ப்பிணியாக இருந்தால், "மசக்கை அசதிதானே" என்று விட்டுவிடுகிறோம்.

அப்படி விட்டால் என்ன ஆகும்? அபூர்வந்தான், ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். வால்வின் அடியில் சீழ் கட்டலாம். அதன் பக்கத்திலேதான் இருதயத்தின் மின்சாரப் பாதை ஓடுகிறது. பம்புசெட் மோட்டார் நன்றாக இருந்தும் வயர் கெட்டால் என்ன ஆகும்? அதே கதை. நாடி குறைந்து ஆள் மயங்கி விழுவார். ஆஸ்பத்திரியில் அடிக்கடி ஈ.சி.ஜி. எடுப்பது இதைக் கண்டுபிடிக்கத்தான். வால்வு கிழிந்தாலோ, படுக்க முடியாமல் மூச்சு முட்டும். உடனே ஆபரேஷன் தேவைப்படலாம். பாசித் துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால் வாய் கோணும், கைகால் விழும். மிக அபூர்வமாக அது இருதயத்தின் சொந்த இரத்தக் குழாயையே அடைத்து, வாலிப வயதிலும் மாரடைப்பு வரும்.

ஆகவே வால்வு பழுதானவருக்கு விடாத காய்ச்சல் என்றால், கடையில் கேட்டு கிருமிக்கொல்லி மாத்திரை வாங்கித் தராதீர்கள். காய்ச்சல் இறங்கும், கிருமி பதுங்கிவிடும். பிறகு இரத்தத்தை வளர்த்துப் பார்த்தாலும் எந்தக் கிருமி என்று தெரியாது, சரியான மருந்தைத் தேர்ந்தெடுப்பது கஷ்டம். முதலில் இரத்தம் எடுக்க வேண்டும். வழக்கமாக 3 தடவை, தனித்தனியாகக் குத்தி எடுப்பார்கள். "இத்தனை இரத்தமா?" என்று சண்டை போடாதீர்கள்.

பிறகு நரம்பு வழியாக 4 முதல் 6 வாரம் மருந்து. முதல் வாரத்திலேயே காய்ச்சல் நின்றதும், "அறுப்பு இருக்கிறது, மாடு கன்று இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். பென்சிலின் புழக்கத்துக்கு வந்தது 1940-களில். அதற்கு முன் இந்த நோய் கண்டவர் பிழைத்ததே அரிது. மருந்து இருக்கிற காலத்தில் பாதியில் விடலாமா?

"3 வாரத்துக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி போடுகிறேனே" என்பீர்கள். அது மூட்டுவாதக் காய்ச்சல் திரும்ப வராமல் இருக்க. இந்த நோய்க்கு அது காவல் அல்ல.

வால்வு பழுதான பெண், மாதவிலக்கு தள்ளிப்போனதுமே கிராம சுகாதாரச் செவிலியரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். அடுத்த குழந்தை பற்றியும் இருதய டாக்டரைக் கேட்டபின் இருவரும் முடிவு செய்யுங்கள். செயற்கை வால்வு உள்ளவர் பல் பிடுங்கப் போனால், வால்வு இருப்பதை முதலில் சொல்ல வேண்டும். முன்கூட்டியே மருந்து தருவார்கள். மயக்கமோ, மூச்சுத் திணறலோ, வாய் கோணலோ கண்டால் விடியட்டும் என்று காத்திராமல் 108-க்குப் போன் செய்யுங்கள். பழைய சீட்டு, எக்கோ ரிப்போர்ட் எல்லாம் கையோடு போகட்டும்.